பிளைவுட்டில் தெர்மாகோல் ஒட்டுவது எப்படி? மாடல் ரயில் தளம் போடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் என் வீட்டு மாடி அறையில் பழைய மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதையின் ஒரு துண்டைச் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறேன். 1928-இல் வந்த பாதை அது. 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி தேனி வரை ரயில் ஓட 2022 மே மாதம் ஆனது, போடிக்கு 2023 ஜூன். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாயில் பாறைக்கு நடுவே பாதை போகிற அந்த இடம்தான் எனக்கு வேண்டியிருந்தது. மலை செய்ய தெர்மாகோல் வேண்டும், தெர்மாகோல் நிற்க பலகை வேண்டும், இரண்டையும் சேர்க்கப் பசை வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வெறும் பிளைவுட் மேலேயே தண்டவாளம் போட்டால் என்ன? தெர்மாகோல் எதற்கு?

போடலாம், ரயில் ஓடும். ஆனால் நம் பக்கத்து ஊர்களில் ரயிலில் போகும்போது வெளியே பாருங்கள். பாதை உயரமான மண்கரையில் போகும், கீழே வயல், கொஞ்சம் தள்ளிக் கண்மாய், நடுவில் சின்னப் பாலம். தண்டவாளத்துக்குக் கீழே நிலம் இறங்கினால்தான் அது நம்ம ஊர் மாதிரி இருக்கும். பிளைவுட்டில் பள்ளம் தோண்ட முடியாது, தெர்மாகோலில் கத்தியாலேயே தோண்டிவிடலாம்.

எடையும் ஒரு காரணம். எட்டுக்கு நாலு அடி, 12 மி.மீ. பிளைவுட் இருபது கிலோவுக்கு மேல் வரும். அதே அளவுக்கு 50 மி.மீ. தெர்மாகோல் மூன்று கிலோதான். பலகையை 6 மி.மீ. ஆகக் குறைத்து, அடியில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டை) சட்டம் கொடுத்து, மேலே தெர்மாகோல் ஒட்டினால் மாடிப்படியில் இரண்டு பேர் சுலபமாகத் தூக்கிப்போகலாம்.

எந்தத் தெர்மாகோல் வாங்குவது?

டிவி, மிக்ஸி பெட்டியில் வருவது வேண்டாம். மணி மணியாக உதிரும். ஒரு தாள் வெட்டி முடிப்பதற்குள் அறை முழுக்க வெள்ளைப் பொடி பறக்கும். கடையில் தாள் வாங்கும்போது அடர்த்தி கேட்டு வாங்குங்கள். ஒரு கன மீட்டருக்கு 15 கிலோ, 20, 25 என்று வரும். மேடை அலங்காரத்துக்குப் போவது பெரும்பாலும் லேசான ரகம். நமக்கு 20-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து அப்படியே நின்றால் அந்தத் தாளை வைத்துவிடுங்கள்.

மொட்டை மாடியில் வெயில் இறங்காமல் இருக்கப் பதிக்கும் எக்ஸ்.பி.எஸ். பலகை கிடைத்தால் இன்னும் மேல். நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், மணி கிடையாது, வெட்டினால் வழவழவென்று வரும். விலை கூடுதல். நான் அடித்தளத்துக்கு அதையும், மேலே மலைக்குச் சாதாரண வெள்ளைத் தெர்மாகோலையும் வைத்திருக்கிறேன். எக்ஸ்.பி.எஸ். வாங்கினால் மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உரித்து எடுங்கள், முகம் பளபளப்பாக இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

எந்தப் பசை ஒட்டும்? எது தெர்மாகோலைத் தின்றுவிடும்?

தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று, மீதி இரண்டு பங்குதான் பிளாஸ்டிக். பெட்ரோல், தின்னர், அசிட்டோன், டொலுயீன் இதில் எது பட்டாலும் அந்த இரண்டு பங்கு கரைந்து காற்று வெளியேறிவிடும். சன்மைக்கா ஒட்டுகிற, செருப்புக்கடையில் பூசுகிற அந்த மஞ்சள் ரப்பர் பசையில் இருப்பது இப்படிப்பட்ட கரைப்பான்தான். முதல் தடவை நான் அதைத்தான் பூசினேன். "எதையும் ஒட்டும்" என்று கடையில் சொன்னதை நம்பிவிட்டேன். தாளைப் பலகையில் வைத்துப் பத்து நிமிஷம் கழித்துத் தூக்கினால், அடிப்பக்கம் கரையான் அரித்த மரம் மாதிரி குழிகுழியாக இருந்தது. மேலே தொட்டால் ஒன்றும் தெரியாது, உள்ளே பள்ளம். அந்தத் தாள் வீண்.

ஃபெவிக்விக் வகையும் கூடாது, அதுவும் அரிக்கும். குளூ கன் சூட்டில் உருக்கிவிடும், பெரிய பரப்புக்கு அது எட்டவும் எட்டாது. ஸ்பிரே பசையில் தெர்மாகோலுக்கு ஆகும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஆகக்கூடியவை: தச்சு வேலைக்கான வெள்ளைப் பெவிகால், சுவர் வெடிப்பு அடைக்கிற அக்ரிலிக் சீலண்ட், இரண்டு டியூப்பைக் கலந்து பூசுகிற அரால்டைட் வகை. அரால்டைட் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஒரு முழுத் தளத்துக்கு வாங்கினால் செலவு தாங்காது. சின்ன மூலை உடைந்தால் அதற்கு வைத்துக்கொள்ளலாம். கதவு நிலைக்குப் பின்னால் அடிக்கிற பி.யு. ஃபோம் ஸ்பிரேயும் ஒட்டும். ஆனால் அது பொங்கும், பொங்கித் தாளையே தூக்கிவிடும், ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த தளம் ஒரு மணி நேரத்தில் மேடு பள்ளமாகிவிடும். சிலிக்கான் சீலண்ட் பிடிக்கும், ஆனால் ஓரத்தில் பிதுங்கி நின்ற இடத்தில் பெயிண்டும் ஒட்டாது, மேல்பூச்சும் ஒட்டாது. அதனால் கடையில் சீலண்ட் கேட்கும்போது அக்ரிலிக் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று வாங்க வேண்டுமானால் அக்ரிலிக் சீலண்ட் என்பேன். காய்ந்த பிறகும் கொஞ்சம் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். கையில் பெவிகால் இருந்தால் அதுவும் போதும். ஆனால் அதற்கு அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

பெவிகால் பூசி ஒட்டினேன். நாலு நாள் கழித்தும் நடுவில் ஈரமாக இருக்கிறது. பசை கெட்டுப்போனதா?

இல்லை, பசை நல்ல பசைதான். எனக்கும் இதே கதை நடந்தது. கரையான் வரக்கூடாது என்று பிளைவுட்டின் இரண்டு பக்கமும் எனாமல் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். அதன் மேல் பெவிகாலைத் தாராளமாக ஊற்றித் தெர்மாகோலை வைத்துப் பாரம் ஏற்றினேன். நாலாம் நாள் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பசை கண்ணாடி மாதிரி காய்ந்திருந்தது. அதற்கு உள்ளே, முதல் நாள் ஊற்றியபோது எப்படி இருந்ததோ அப்படியே, பால் மாதிரி வெள்ளையாகப் பசை. விரலில் ஒட்டியது.

பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து ஓரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "தம்பி, பசையில இருக்க தண்ணி எங்கிட்டுப் போகும்? மேல போக முடியாது, தெர்மாகோல். கீழ போக முடியாது, பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கீக. நாலு ஓரமும் காஞ்சு வாய மூடிருச்சு. நடுவுல நிக்கிறது என்ன செய்யும்?"

விஷயம் முழுக்க இதுதான். பெவிகாலில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் வெளியே போனால்தான் பசை இறுகும். இரண்டு மரத்தை ஒட்டும்போது மரமே அதைக் குடித்துவிடும், அதனால் ஒரே இரவில் பிடித்துக்கொள்கிறது. தெர்மாகோல் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. எல்லாத் தண்ணீரும் பலகை வழியாகவோ ஓரம் வழியாகவோதான் போக வேண்டும். பலகையின் வாயையும் பெயிண்டால் அடைத்துவிட்டால் போக வழியே கிடையாது.

அன்றிலிருந்து எந்தப் பசையை எடுத்தாலும், தண்ணி எங்கிட்டுப் போகும் என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். கீழே வரும் பதில்களில் பாதி அதிலிருந்து வந்ததுதான்.

சரி, அப்படியானால் எப்படிப் பூசுவது?

ஒட்டும் முகத்தில் பெயிண்ட், வார்னிஷ், சன்மைக்கா எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் உப்புத்தாள் போட்டு மரம் தெரியும் வரை தேயுங்கள். அடிப்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் வேண்டுமானால் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம், அதுவும் மேலே ஒட்டியது நன்றாகக் காய்ந்த பிறகு. தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சிலர் தண்ணீர் கலந்த பெவிகாலை முதல் பூச்சாக அடித்து, அது காய்ந்த பிறகு ஒட்டுவார்கள். அது தூசியைப் பிடிக்கும், ஆனால் மரத்தின் துளைகளையும் அடைக்கும். தெர்மாகோலுக்கு அது வேண்டாம்.

பசை மெல்லிசாக இருக்க வேண்டும். காலாவதியான பிளாஸ்டிக் கார்டு ஒன்றை எடுத்து ஒரு பக்கம் கத்தரியால் சீப்பு மாதிரி பல் வெட்டுங்கள். பசையைப் பலகையில் ஊற்றி அந்தப் பல்லால் இழுத்தால் கோடு கோடாக நிற்கும். கோட்டுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் காற்று போகிற வழி. ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் தாளுக்கு 100 கிராம் அளவுக்குப் பெவிகால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ஊற்றும்போது குறைவாகத்தான் தெரியும், அதுவே போதும்.

சீலண்ட் ஆனால் கன்னில் போட்டு, நான்கு விரல் இடைவெளியில் வளைந்து வளைந்து கோடு போட்டு, பட்டி பார்க்கும் தகட்டால் லேசாகப் பரப்புங்கள். ஒரு தப்பை எல்லோரும் செய்கிறார்கள்: முதலில் நான்கு ஓரத்தையும் சுற்றி ஒரு கட்டம் போட்டுவிட்டு, அப்புறம் நடுவில் பூசுவது. அந்தக் கட்டம் முதலில் காய்ந்து, உள்ளே இருப்பதைப் பூட்டிவிடும். ஓரத்தை எங்கேயும் முழுதாக மூடாதீர்கள். கோடுகள் ஓரம் வரை வந்து திறந்தபடியே முடியட்டும்.

பெவிகால் பூசும்போது நான் இன்னொன்றும் செய்கிறேன். ஒட்டுவதற்கு முன் பலகையில் ஒரு சாண் இடைவெளியில் 3 மி.மீ. டிரில் பிட்டால் துளை போட்டுவிடுவேன். ஈரம் அதன் வழியாகக் கீழே போகும். பின்னால் வயர் இறக்கவும் அதில் சில துளைகள் உதவும்.

பூசியதும் தாளை வைத்து, இடமும் வலமுமாக ஒரு விரல் அளவு நகர்த்தி அழுத்துங்கள். பசை இரண்டு பக்கமும் பரவிவிடும்.

மேலே என்ன பாரம் வைப்பது? எவ்வளவு?

பாரம் சமமாக விழ வேண்டும், அதுதான் முக்கியம். எத்தனை கிலோ என்பது அப்புறம். 20 லிட்டர் தண்ணி கேனை நேராகத் தெர்மாகோல் மேல் வைத்தால் கேனின் அடிவட்டம் அப்படியே பதிந்துவிடும். தாளின் அளவுக்கே இன்னொரு பிளைவுட் துண்டை மேலே போட்டு, அதன் மேல் வையுங்கள். ஒரு மீட்டர் தாளுக்கு இரண்டு கேன் போதும். செங்கல், அரிசி மூட்டை எதுவானாலும் சரி. அரிசி மூட்டை மேடு பள்ளத்துக்குத் தக்கபடி படிந்துகொள்வதால் எனக்கு அதுதான் பிடிக்கும். தாளுக்கும் மேல்பலகைக்கும் நடுவில் ஒரு பாலித்தீன் உறையை விரித்துவிடுங்கள், பிதுங்கிய பசை இரண்டையும் சேர்த்து ஒட்டிவிடாமல் இருக்கும்.

முக்கியமாக, பாரம் ஏற்றுவதற்கு முன் பலகை நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வளைந்த பலகையில் ஒட்டிக் காயவிட்டால், காய்ந்தபின் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும்.

எத்தனை நாள் விட வேண்டும்?

சீலண்ட் என்றால் இரண்டு நாள். பெவிகால் என்றால் சித்திரை, வைகாசி வெயிலில் மூன்று நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம் விடுங்கள், காற்றே ஈரமாக இருக்கும்போது பசை மட்டும் எப்படிக் காயும்? பாரத்தை இரண்டாம் நாளே எடுத்துவிடலாம், ஆனால் தளத்தைத் தூக்குவது, திருப்புவது, மேலே வெட்டுவது எல்லாம் மேலே சொன்ன நாட்கள் முழுதாக முடிந்த பிறகு. காய்ந்ததா என்று பார்க்க மூலையைத் தூக்காதீர்கள், அந்த மூலை திரும்ப ஒட்டாது. ஒட்டுகிற அன்றே, மிஞ்சின தெர்மாகோல் துண்டு ஒன்றை மிஞ்சின பிளைவுட் துண்டில் அதே பசையால் ஒட்டிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். சோதனைக்கு அதைப் பிய்த்துப் பாருங்கள். பசை விடாமல் தெர்மாகோலே பிய்ந்து வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். துண்டு சின்னது, சீக்கிரம் காயும், அதனால் அதற்குப் பிறகும் ஒரு நாள் சேர்த்து விடுவேன்.

எந்த பிளைவுட்?

சாதாரணத் தளத்துக்கு எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்கும்) ரகமே போதும். ஓடு அல்லது தகரம் வேய்ந்த, மழைக்காலத்தில் சாரல் வரும் அறை என்றால் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரையும் தாங்கும்) ரகம் வாங்குங்கள். 6 மி.மீ. பலகையின் ஒரே பக்கத்தில் தண்ணீர்ப் பசை பூசினால் கிண்ணம் மாதிரி வளையும். அதனால் முதலில் அடியில் ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் கொடுத்துத் திருகாணி போட்டுச் சட்டம் கட்டிவிட்டு, அப்புறம் ஒட்டுங்கள்.

ஆணியோ திருகாணியோ போட்டால் பசையே வேண்டாமே?

தெர்மாகோலில் ஆணி நிற்காது. பெரிய வாஷர் போட்டுத் திருகினால் அந்த இடம் மட்டும் அமுங்கும், சுற்றிலும் தூக்கும்.

மாடி அறை மே மாதம் கொதிக்கிறது. தெர்மாகோல் உருகுமா, விரியுமா?

உருகாது. மதுரை வெயில் எவ்வளவு அடித்தாலும் அறைக்குள் தெர்மாகோல் இளகும் சூடு வராது, அதற்கு 80 டிகிரி பக்கம் போக வேண்டும். ஆனால் விரியும். ஒரு மீட்டர் தாள் 20 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். மார்கழி விடியலுக்கும் மே மாத மத்தியானத்துக்கும் நடுவில் தகரக் கூரை அறையில் அந்த வித்தியாசம் சாதாரணமாக வரும். பிளைவுட் அந்தச் சூட்டில் அதில் பத்தில் ஒரு பங்குதான் நீளும். இரண்டும் வேறு வேறு அளவில் இழுக்கும்போது நடுவில் நிற்கும் பசை கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். நான் அக்ரிலிக் சீலண்டைச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

அதனால் தாளுக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் விட்டு, அந்த இடைவெளியில் சீலண்டை நிரப்புங்கள். அந்தக் காலத்துத் தண்டவாளத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் இடைவெளி விட்டதும் இதே சூட்டுக்காகத்தான். மீட்டர்கேஜ் ரயிலில் போனவர்களுக்கு அந்த "தடக் தடக்" சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

மலைக்குத் தாள் மேல் தாளாக ஒட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இங்கே இரண்டு பக்கமும் தெர்மாகோல், தண்ணீர் போக இரண்டு பக்கமும் வழியில்லை. பெவிகால் என்றால் மிக மெல்லிசாக, இரண்டு முகத்திலும் பூசி, கால் மணி நேரம் ஆறவிட்டு, வெள்ளை மங்கிக் கைக்குப் பிசுபிசுப்பாக வரும்போது சேர்த்து அழுத்துங்கள். தாள் முழுக்கப் பூச வேண்டிய அவசியமே இல்லை, அங்கங்கே உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் மலை நிற்கும்.

எங்கே வெட்டப்போகிறீர்களோ அங்கே பசை இருக்கக் கூடாது. சூடான கம்பியால் வெட்டும்போது தெர்மாகோல் வெண்ணெய் மாதிரி வழிவிடும், காய்ந்த பசைக்கோடு வந்ததும் கம்பி நின்று இழுபடும், அந்த இடத்தில் பள்ளம் விழும். கணவாயின் பாறை வெட்டை நான் செய்தபோது முதலில் பேனாவால் வெட்டுக்கோடு வரைந்து, அதிலிருந்து மூன்று விரல் உள்ளே தள்ளித்தான் பசை வைத்தேன். ஐந்து தாள் அடுக்கு, கம்பி மேலிருந்து கீழ் வரை எங்கேயும் நிற்காமல் இறங்கியது. அப்புறம் கத்தி முனையால் குறுக்கே பிய்த்து விட்டால் பாறை உடைந்த மாதிரியே வரும். கம்பியால் வெட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது.

ஒட்டிய பிறகு பெயிண்ட், சால்டரிங் எல்லாம்?

ஸ்பிரே பெயிண்ட், எனாமல், தின்னர் எதுவும் வெறும் தெர்மாகோல் மேல் படக் கூடாது. சுவருக்கு அடிக்கிற தண்ணீர் பெயிண்ட் அடியுங்கள். தண்டவாளத்துக்கு வயரைத் தளத்துக்கு வெளியே வைத்தே சால்டர் செய்துவிட்டு, பிறகு இறக்குங்கள். தெர்மாகோல் தீப்பிடித்தால் வேகமாக எரியும், கரும்புகை கிளம்பும். கார்த்திகை தீபத்தன்று அந்த அறையில் விளக்கு வைக்காதீர்கள், சால்டரிங் இரும்பை எரியவிட்டுச் சாப்பிடவும் போகாதீர்கள்.

ரயில் ஓடும்போது மத்தளம் மாதிரி அதிர்கிறது. ஏன்?

பலகைக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் எங்கோ ஒட்டாமல் காற்று நிற்கிறது. விரல் நகத்தால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள், வெற்றுச் சத்தம் வரும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். அடியிலிருந்து பிளைவுட்டில் மட்டும் துளை போட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் பெவிகாலை ஏற்றி, மேலே பாரம் வைத்து ஒரு வாரம் விட்டால் சத்தம் அடங்கும். தண்டவாளத்துக்கு அடியில் கார்க் ஷீட் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஒட்டியதைப் பிரிக்க வேண்டி வந்தால்?

தூண்டில் நரம்பு ஒரு மீட்டர் எடுத்து, இரண்டு முனையிலும் குச்சி கட்டி, பலகையோடு ஒட்டி ரம்பம் அறுப்பது போல் இழுங்கள். சீலண்ட் என்றால் சுலபமாக அறுபடும், பெவிகால் என்றால் கை வலிக்கும். பலகையில் மிஞ்சும் பெவிகால் மேல் ஈரத்துணியை அரை நாள் போட்டு வைத்தால் மறுபடி வெளுத்து ஊறும், பட்டித் தகட்டால் சுரண்டிவிடலாம். பலகை ஈரம் குடித்திருக்கும், இரண்டு நாள் நிழலில் சாய்த்து வைத்துக் காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, அதன் பிறகு புதுத் தாளை ஒட்டுங்கள்.